தொப்புள் ஊசி போய் இருபது வருஷம் ஆகிறது, பயம் மட்டும் ஏன் போகவில்லை?



கொஞ்சம் நீளமான பதிவு. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் கட்டாயம் படியுங்கள்.

போன மாதம் நம் மல்லசமுத்திரத்தில், எங்கள் தெருவிலேயே, எட்டு வயதுப் பையன் ஒருவனைத் தெருநாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. பல் நன்றாக இறங்கி ரத்தம் வந்திருக்கிறது. அப்பா அம்மா இருவரும் தறிக்குப் போகிறவர்கள். பையனைப் பார்த்துக்கொள்வது ஆயாதான். காயத்தில் மிளகாய்த் தூளை வைத்துத் துணியால் கட்டிவிட்டு, ஊசியே வேண்டாம் என்று ஆயா நின்றுவிட்டார். விஷயம் தெரிந்து நான் போனபோது கடிபட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது.

“வாத்தியாரே, பையனுக்கு அந்த ஊசி வேண்டாமுங்க. எங்க மாமனாரு நடந்து போயி ஊசி போட்டவரு. பத்தாம் நாளு கட்டில்ல வெச்சுத்தான் தூக்கிட்டு வந்தாங்க. அப்புறம் சாகற வரைக்கும் கோல் ஊனித்தான் நடந்தாரு” என்றார்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிய பிறகு சம்மதித்தார். பையனுக்கு ஊசி போட்டாயிற்று, நன்றாக இருக்கிறான். அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. தெருவில் படித்த பிள்ளைகள் சிலர், அதில் என்னிடம் படித்தவர்களும் உண்டு, “படிக்காத கிழவி, மூடநம்பிக்கை” என்று அந்த அம்மாவைக் கிண்டல் செய்தார்கள்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த அம்மா சொன்னது மூடநம்பிக்கை அல்ல, கண்ணால் கண்டது. பழைய நாய்க்கடி ஊசியால் சிலருக்குக் கை கால் விழுந்தது உண்மை. அது ஏன் நடந்தது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஊசி மாறியபோது ஏன் மாறியது என்றும் சொல்லவில்லை. காரணம் தெரியாத பயத்தைக் கிண்டல் செய்து விரட்ட முடியாது. காரணத்தைச் சொன்னால்தான் போகும். அந்தக் காரணத்தைத்தான் எழுதப்போகிறேன்.

ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. தினம் ஒன்று, வயிற்றுத் தோலுக்குக் கீழே. வயிறு வீங்கிச் சிவந்து வேட்டி கட்ட முடியாது. அந்த ஊசிக்குள் என்ன இருந்தது தெரியுமா? ஆட்டு மூளை.

ஆமாம், செம்மறி ஆட்டின் மூளை. ரேபிஸ் கிருமி நரம்புத் திசுவில் வளரும் கிருமி. ஆய்வுக்கூடத்தில் தனியாக செல்களை வளர்க்கும் வித்தை தெரியாத காலத்தில், கிருமி வேண்டுமென்றால் ஒரு பிராணியின் மூளையிலோ தண்டுவடத்திலோதான் வளர்க்க வேண்டும். 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர், ஜோசப் மீஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு முதன்முதலாகப் போட்ட ஊசியே முயலின் தண்டுவடத்தை உலர்த்திச் செய்ததுதான். இங்கே நம் நாட்டில் கசௌலி மத்திய ஆராய்ச்சி நிலையத்தில் டேவிட் செம்பிள் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1911-ல் அதை எளிமையாக்கினார். ஆட்டின் மூளையில் கிருமியை வளர்த்து, மூளையை அரைத்து, ஃபீனால் சேர்த்துக் கிருமியைச் செயலிழக்கச் செய்து ஊசியாக்கினார். செலவு குறைவு, தயாரிப்பதும் சுலபம். நம் நீலகிரி மாவட்டம் குன்னூரில் 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிலையத்திலும் பல பத்தாண்டுகள் ஆட்டு மூளை ஊசிதான் தயாரானது.

இதைக் கேட்டு யாரும் அந்த நிலையத்தையோ அந்த மருத்துவர்களையோ திட்ட வேண்டாம். ரேபிஸ் அறிகுறி வெளியே தெரிந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. அப்படிப்பட்ட சாவிலிருந்து லட்சக்கணக்கான பேரை அந்த ஊசி காப்பாற்றியிருக்கிறது. அந்தக் காலத்தில் அதைப் போட்டுக்கொண்டதே சரி. ஆனால் போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு வேறொரு விபத்து நடந்தது. சில ஆய்வுகளில் சில நூறு பேருக்கு ஒருவர், சில ஆய்வுகளில் பல ஆயிரம் பேருக்கு ஒருவர். ஊசி தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், தலைவலி. பிறகு கால் மரத்துப் பலமிழக்கும், சிறுநீர் அடைத்துக்கொள்ளும். சிலர் நினைவு தப்பினார்கள், சிலர் இறந்தும் போனார்கள்.

“அது நாய் விஷம் ஏறியதுதான், ஊசியால் அல்ல” என்று அன்றைக்குச் சொன்னவர்களும் உண்டு. அந்த அம்மாவின் மாமனார் கதையையே எடுத்துக்கொள்வோம். ரேபிஸ் ஏறிக் கால் விழுந்திருந்தால் அவர் சில நாட்களில் இறந்திருப்பார். அவரோ கோல் ஊன்றி முப்பது வருஷம் இருந்து பேரன் பேத்தி எடுத்தார். ஆகவே அது ரேபிஸ் அல்ல. அவருடைய கால்களுக்குப் போகிற நரம்புப் பாதையில் வேறு ஏதோ நடந்திருக்கிறது. என்ன அது?

பத்தாம் வகுப்பில் நான் கரும்பலகையில் வரைந்த நியூரான் படம் நினைவிருக்கிறதா? ஆக்ஸான் என்ற நீள வால், அதன் மேல் துண்டு துண்டாக ஒரு உறை, நடுவில் சிறு இடைவெளிகள். அந்த உறைதான் மையலின். இடைவெளிக்குப் பெயர் ரான்வீர் கணு. தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்திருப்பீர்கள். இப்போது வேறு மாதிரி சொல்கிறேன்.

நம் காட்டில் ஆயிரம் அடி போர் போட்டு மோட்டார் இறக்குகிறோம். கூடவே கேபிள் இறங்குகிறது. உள்ளே செம்பு நன்றாக இருந்தாலும், மேலே ரப்பர் உறை உரிந்துவிட்டால் என்ன ஆகும்? மேலே சுவிட்சைப் போடுவீர்கள், கீழே மோட்டார் ஓடாது. மையலினும் அப்படி ஒரு உறைதான், ஆனால் ரப்பரைவிடக் கெட்டிக்கார உறை. மின் துடிப்பை ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குத் தாவ வைக்கிறது. உறையில்லாத நரம்பு, எல்லா நிறுத்தத்திலும் நின்று போகிற டவுன் பஸ். செய்தி நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான் போகும். உறையுள்ள நரம்பு பாயிண்ட் டு பாயிண்ட் பஸ். நொடிக்கு நூறு மீட்டர் வரைகூடப் போகும். நீங்கள் கல்லில் இடறி விழப்போய்ச் சமாளித்து நிற்கிறீர்களே, அது இந்த உறையின் புண்ணியம்.

மூளையிலும் தண்டுவடத்திலும் இந்த உறையைச் சுற்றுவது ஆலிகோடென்ட்ரோசைட் என்ற செல். ஒரே செல் பல கைகளை நீட்டிப் பல நரம்புகளுக்கு உறை சுற்றும். ஆகவே ஒரு செல் அடிபட்டால் பல கம்பிகளில் உறை போகும். உறை பெரும்பங்கு கொழுப்பு, மீதி புரதம். அந்தப் புரதங்களின் பெயரைக் கேளுங்கள். ஒன்று மையலின் அடிப்படைப் புரதம். இன்னொன்று உறையின் வெளிப்பரப்பில் இருக்கும் ‘மாக்’ என்ற புரதம். இரண்டும் பின்னால் வரும்.

இப்போது ஆட்டு மூளைக்கு வருவோம். ஆட்டின் மையலினும் மனிதனின் மையலினும் ஏறக்குறைய ஒரே மாதிரி. பதினாலு நாள் தொடர்ந்து ஆட்டு மூளையை ஊசியில் ஏற்றும்போது உடம்பின் காவல்படை என்ன நினைக்கும்? “யாரோ அந்நியன் தினம் தினம் வருகிறான்” என்றுதான் நினைக்கும். வந்ததில் கிருமியும் இருக்கிறது, மையலினும் இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்தே எதிர்ப்பொருள் தயாரிக்கிறது, இரண்டையும் அடையாளம் வைத்துக்கொள்ளும் டி செல்களையும் பெருக்குகிறது. கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள் நமக்கு வேண்டியது. மையலினுக்கு எதிரானது வேண்டாதது. அது ஆட்டு மையலினை அடித்து முடித்ததும் நிற்பதில்லை. அதே ஜாடையில் நம் தலைக்குள்ளும் முதுகுக்குள்ளும் இருப்பதைப் பார்க்கிறது.

சாதாரணமாக ரத்தத்தில் ஓடுகிற எதிர்ப்பொருள் மூளைக்குள் எளிதில் நுழைய முடியாது. ரத்தக் குழாய்ச் சுவரே அங்கே வேலி மாதிரி நிற்கிறது. டி செல்கள் முதலில் போய் அந்த வேலியில் கடவு திறக்கின்றன. பின்னால் எதிர்ப்பொருள் நுழைகிறது. உறையின் மேல் போய் ஒட்டி, “இதுதான் எதிரி” என்று அடையாளம் காட்டுகிறது. விழுங்கும் செல்கள் வந்து உறையை உரித்துத் தின்கின்றன. கம்பி அப்படியே இருக்கிறது, உறை இல்லை. சுவிட்ச் போட்டாலும் மோட்டார் ஓடாத நிலை. கால் அசையவில்லை, சிறுநீர் இறங்கவில்லை. திருடனைப் பிடிக்கப் போன போலீஸ், அதே நிறச் சட்டை போட்ட வீட்டுக்காரனை அடித்த கதை.

ஆட்டு மூளை வறுவல் சாப்பிடலாமா என்று இந்நேரம் யாராவது கேட்பீர்கள். தாராளமாகச் சாப்பிடுங்கள். வயிற்றுக்குள் போகிற புரதம் செரித்துச் சிறு துண்டுகளாகிவிடும். உடம்பு அதை உணவு என்றுதான் எடுத்துக்கொள்ளும். செரிமானத்தைத் தாண்டித் தோலுக்குக் கீழே திரும்பத் திரும்ப ஏற்றியதுதான் வம்பு.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. நியூயார்க் ராக்ஃபெல்லர் நிலையத்தில் தாமஸ் ரிவர்ஸ் என்பவர் தன் சகாக்களுடன் 1933-லும் 1935-லும் ஆய்வு முடிவுகளை வெளியிட்டார். குரங்குகளுக்கு ரேபிஸ் கிருமியே இல்லாத, ஆரோக்கியமான முயல் மூளையைத் திரும்பத் திரும்ப ஊசியாகப் போட்டார். குரங்குகளுக்குக் கை கால் தள்ளாடின; மூளையைப் பார்த்தால் மையலின் உரிந்திருந்தது. கிருமி இல்லாமலே இது நடந்ததால், குற்றவாளி கிருமி அல்ல, மூளைத் திசுதான் என்று தெளிவானது. மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் போன்ற நோய்களை ஆராய விஞ்ஞானிகள் இன்றும் பயன்படுத்தும் முறை அந்தக் குரங்கு ஆய்விலிருந்து வந்ததுதான். நாய்க்கடி ஊசியின் விபத்துதான் மருத்துவ உலகத்துக்கு அந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்தது.

1955-ல் தென் அமெரிக்காவில் சிலி நாட்டு விஞ்ஞானிகள் இன்னொரு வழி கண்டார்கள். பிறந்து சில நாளே ஆன சுண்டெலிக் குஞ்சின் மூளையில் தடுப்பூசி செய்தார்கள். ஏன் குஞ்சு? பிறந்த குஞ்சின் மூளையில் மையலின் இன்னும் சரியாக உருவாகியிருக்காது. மையலின் இல்லாவிட்டால் வம்பும் குறையும் என்ற கணக்கு. பிறகு 1987-ல் தாய்லாந்தில், மூளைத் திசு ஊசி போட்டுப் பாதிக்கப்பட்டவர்களின் ரத்தத்தையும் தண்டுவட நீரையும் சோதித்தபோது, மையலின் அடிப்படைப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் அவர்களிடம் அதிகமாக இருந்தது தெரிந்தது.

இனி என் கருத்துக்கு வருகிறேன். காரணம் 1935-லேயே தெரியும். மூளைத் திசு கலக்காமல், செல்களில் வளர்த்த தடுப்பூசி 1970-களில் வந்துவிட்டது. மூளைத் திசு ஊசியை விட்டுவிடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 1984-லிருந்து சொல்லி வந்தது. இந்தியாவில் அதன் தயாரிப்பு நின்றது 2004 டிசம்பரில். இடையில் இருபது வருஷம். அந்த இருபது வருஷம் என்ன நடந்தது? விலை கொடுக்க முடிந்தவர் புது ஊசியைக் கையில் போட்டுக்கொண்டார். முடியாதவர் ஆட்டு மூளையை வயிற்றில் போட்டுக்கொண்டார். பண்ணையத்துக்குப் போகிறவர், தறி ஓட்டுகிறவர், ஆடு மேய்க்கிறவர், இவர்கள்தான் இரண்டாவது வரிசையில் நின்றவர்கள். அவர்களில் சிலர்தான் கட்டிலில் திரும்பி வந்தார்கள். புது ஊசிக்கு அன்று விலை அதிகம், அரசுக்குச் சிரமம் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதை நாம் மறக்கக்கூடாது. அந்த அம்மாவைப் பார்த்துச் சிரிக்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

அதே சமயம், அவருடைய பயத்துக்கு நியாயம் உண்டு என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் நான் வாத்தியார் இல்லை. அந்தப் பயம் ஒரு காலத்தில் சரி, இன்று தவறு. அன்றைக்கு எது காரணமோ அது இன்றைய ஊசியில் இல்லை. இப்போது அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுகிற ஊசியின் கிருமி, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வீரோ செல்களிலோ கோழிக்கரு செல்களிலோ வளர்க்கப்பட்டு, செயலிழக்கச் செய்து, சுத்திகரிக்கப்படுகிறது. மூளையும் இல்லை, தண்டுவடமும் இல்லை. எந்த மருந்திலும் மிக மிக அரிதாக ஒரு பக்கவிளைவு வரலாம், அது பாராசிட்டமாலுக்கும் பொருந்தும். ஆனால் ஆட்டு மையலினை ஏற்றி நம் மையலினை அடிக்க வைத்த அந்தக் கதை முடிந்துவிட்டது. வயிற்றிலும் போடுவதில்லை. தோள்பட்டைக்குக் கீழே கையில், தோலுக்குள் சொட்டு அளவு, அவ்வளவுதான். தோலுக்குள் போடும் இந்தச் சிக்கன முறைக்கு இந்தியாவில் 2006-ல் அனுமதி கிடைத்தது. ஒரே குப்பி பல பேருக்கு வரும் என்பதால்தான் ஏழைக்கும் அந்த ஊசி எட்டியது.

ஊசி மாறியது, தொப்புள் கைக்கு மாறியது, பதினாலு நான்காகக் குறைந்தது. ஏன் மாறியது என்று மட்டும் யாரும் ஊருக்குச் சொல்லவில்லை. “பழைய ஊசியில் ஆட்டு மூளை இருந்தது, அதனால் சிலருக்குக் கை கால் விழுந்தது, அதை நிறுத்திவிட்டோம், புதியதில் அது இல்லை” என்று ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் நான்கு வரி எழுதியிருந்தால் போதும். தவறை ஒப்புக்கொண்டால் மக்கள் ஊசியையே நம்பமாட்டார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ. என் அனுபவம் நேர்மாறானது. அந்த அம்மாவிடம் “ஊசியால் எதுவும் ஆகாது” என்று தெருவே சொன்னது, அவர் நம்பவில்லை. “உங்க மாமனாருக்கு ஊசியாலதான் ஆச்சுங்க” என்று நான் சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்து முழுதாகக் கேட்டார்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். தொப்புள் ஊசி போய்விட்டது, ஆனால் உடம்பே தன் மையலினைத் தாக்கும் நோய் போய்விடவில்லை. எந்த ஊசியும் இல்லாமல், சில சமயம் ஒரு சாதாரணக் காய்ச்சலுக்குப் பிறகு, சில சமயம் காரணமே தெரியாமல் அது வருகிறது.

என் சொந்தத்தில் ஒரு பெண், வயது இருபத்தேழு. ஒரு கண்ணை அசைத்தால் வலி, நாலே நாளில் அந்தக் கண்ணில் பார்வை மங்கிவிட்டது. கண்ணாடிக் கடை, திருஷ்டி கழிப்பது என்று மூன்று வாரம் போனது. பிறகு நிற்காத விக்கல், வாந்தி. அதற்கு வயிற்று வைத்தியம். கடைசியில் இரண்டு காலும் மரத்த பிறகுதான் நரம்பு மருத்துவரிடம் போனார்கள். அவர் ரத்தத்தை எடுத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினார். ஆக்வாபோரின்-4 என்ற புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தது. நோயின் பெயர் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா. 1894-ல் பிரான்சில் டெவிக் என்ற மருத்துவர் விவரித்த நோய். அதன் எதிர்ப்பொருளை அமெரிக்காவின் மேயோ மருத்துவ மையத்தைச் சேர்ந்த வாண்டா லெனன் குழுவினர் 2004-ல் அறிவித்தார்கள். நாம் ஆட்டு மூளை ஊசியை நிறுத்திய அதே வருஷம்.

இந்த எதிர்ப்பொருள் நேராக மையலினை அடிப்பதில்லை. மையலினுக்குத் துணை நிற்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற செல்லின் தண்ணீர்க் குழாய்ப் புரதத்தை அடிக்கிறது. வேர் போனால் மரம் சாய்வது போல, துணைச் செல் போனதும் மையலினும் போகிறது. முன்னால் சொன்னேனே, ‘மாக்’ என்ற வெளிப்பரப்புப் புரதம், அதை நேராக அடிக்கும் இன்னொரு நோயும் உண்டு. குழந்தைகளுக்கும் வரும். அதற்கான சர்வதேச வரையறையே 2023-ல்தான் வந்தது. மூன்றாவது மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ். மூன்றும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலவே இருக்கும். வைத்தியம் ஒன்றல்ல. மல்டிபிள் ஸ்கிலிரோசிசுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகாவை இன்னும் மோசமாக்கும். ஆகவே எந்த எதிர்ப்பொருள் என்று தெரிந்தால்தான் சரியான மருந்து. அண்டை மாநிலமான கர்நாடகத்தில், மங்களூரில் டாக்டர் லேகா பண்டிட் இந்த நோயாளிகளுக்கென ஒரு பதிவேட்டையும் இந்த எதிர்ப்பொருள்களைச் சோதிக்கும் ஆய்வகத்தையும் உருவாக்கினார். நம் நாட்டிலேயே இது முடியும் என்பதற்கு அது சாட்சி.

அந்தப் பெண்ணுக்கு ஸ்டீராய்டு கொடுத்தார்கள், ரத்த பிளாஸ்மாவை மாற்றினார்கள். கால் திரும்பிவிட்டது, வேலைக்குப் போகிறாள். ஒரு கண்ணில் பார்வை பாதிதான். முதல் வாரமே போயிருந்தால் இன்னும் நிறைய மீட்டிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். உறை உரிந்த நரம்பை ஓரளவு உடம்பே மீண்டும் சுற்றிக்கொள்ளும். உள்ளே இருக்கும் கம்பியே அறுந்துவிட்டால் மீட்பது கஷ்டம். இந்த நோயில் நாள் கணக்கு முக்கியம்.

ஆகவே என் பிள்ளைகளே, இதை மட்டும் மனதில் வையுங்கள்.

1. நாயோ பூனையோ கடித்தாலும் பிராண்டினாலும் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். மிளகாய்த் தூள், சுண்ணாம்பு, காப்பித் தூள் எதுவும் வேண்டாம்.

2. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ம் நாட்கள். ரத்தம் வந்த காயமென்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் பற்றியும் கேளுங்கள். இரண்டு ஊசியோடு நிறுத்திவிடாதீர்கள்.

3. ஒரு கண்ணில் சில நாட்களுக்குள் பார்வை மங்கினால், இரண்டு காலும் மரத்துப் பலமிழந்தால், திடீரென்று சிறுநீர் அடைத்தால், காரணமில்லாத விக்கலும் வாந்தியும் நாள் கணக்கில் நிற்காவிட்டால் நரம்பு மருத்துவரைப் பாருங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு ஒரு பஸ் தூரம்தான். கண்ணாடிக் கடைக்கும் மந்திரிக்கிறவரிடமும் போய் வாரத்தை வீணாக்காதீர்கள்.

4. வாட்ஸ்அப்பில் “ஊசி போட்டால் கை கால் விழும்” என்று வந்தால் அனுப்பியவரைத் திட்டாதீர்கள். எந்த ஊசி, எந்த வருஷம், உள்ளே என்ன இருந்தது என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் இந்தப் பதிவை அனுப்புங்கள்.

அரசிடம் கேட்பதும் இரண்டுதான். ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் அந்த நான்கு வரியை இப்போதாவது எழுதட்டும். ஆக்வாபோரின்-4, மாக் இரண்டுக்குமான ரத்தப் பரிசோதனை ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியிலும் ஏழைக்குச் செலவில்லாமல் கிடைக்கட்டும். அந்தப் பெண்ணின் அப்பா பருத்தி ஏலத்தில் வந்த பணத்தை எடுத்துத்தான் அந்தச் சோதனைக்குக் கட்டினார். பருத்தி விற்ற காசு இல்லாத வீடு என்ன செய்யும்? இருபது வருஷம் ஏழையை இரண்டாவது வரிசையில் நிறுத்தியது ஒரு தடவை போதும்.

என் மாணவர்களில் டாக்டர்களும் நர்சுகளும் சுகாதார ஆய்வாளர்களும் பல ஊர்களில் இருக்கிறீர்கள். நான் சொன்னதில் சேர்க்க வேண்டியது இருந்தால் கீழே எழுதுங்கள், எல்லோரும் படிக்கட்டும். உங்கள் வீட்டு அப்பாரு, ஆயா, அம்மிச்சி, அப்புச்சி யாராவது அந்தக் காலத்துத் தொப்புள் ஊசி போட்டவர்களாக இருந்தால், அவர்கள் சொல்வதைக் கேட்டு அதையும் எழுதுங்கள். அதெல்லாம் எந்த ஆஸ்பத்திரிக் குறிப்பிலும் இருக்காது.

அன்புடன்,
உங்கள் பழைய உயிரியல் வாத்தியார்,
மல்லசமுத்திரம்.